பட்டத்துக்குப் பின் பதினெட்டு மாதம்: செஞ்சியிலிருந்து ஒரு கணக்கு

ஜெர்மனியில் 18 மாதம், பிரிட்டனில் 2 ஆண்டு, கனடாவில் 3 ஆண்டு. வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் சேர்க்கும் ஆலோசகர்களின் துண்டறிக்கைகளில் கல்லூரியின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருப்பவை இந்த எண்கள்தாம். படிப்பு முடிந்த பிறகு ஊருக்குத் திரும்பாமல் அங்கேயே தங்கி வேலை தேட, அல்லது கிடைத்த வேலையைச் செய்ய, அந்தந்த நாடு தரும் காலம் அது. பெற்றோருக்கும் இந்த எண்தான் ஆறுதல். "படிப்பு முடிஞ்சா உடனே அனுப்பிட மாட்டாங்க, ரெண்டு வருசம் டைம் இருக்கு" என்ற ஒரு வாக்கியத்தில் லட்சக்கணக்கான ரூபாய்க் கடனுக்குக் கையெழுத்து விழுந்துவிடுகிறது.

விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி போன்ற ஊரிலிருந்து இந்த ஏற்பாட்டைப் பார்க்க வேண்டிய காரணம் உண்டு. சென்னையிலும் கோவையிலும் இருக்கும் சம்பளக்காரக் குடும்பத்துக்கு, பிள்ளைக்கு வேலை கிடைக்க ஆறு மாதம் தாமதமானால் அது ஒரு சங்கடம். நெல்லையும் மல்லாட்டையையும் (நிலக்கடலை) கமிட்டி எனப்படும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் போட்டுப் பணம் பார்க்கும் குடும்பத்துக்கு அதே ஆறு மாதம் வீட்டுப் பத்திரத்தை வங்கியிலிருந்து மீட்பதா இழப்பதா என்ற கேள்வி. விசாவில் எழுதியிருக்கும் காலம் இருவருக்கும் ஒன்றுதான். கையில் உண்மையாகவே மிஞ்சும் காலம் ஒன்றல்ல. இந்தக் கட்டுரை அந்த இடைவெளியைப் பற்றியது.

நீளும், சுருங்கும் காலம்

படித்து முடித்த வெளிநாட்டு மாணவர் கிளம்பிவிட வேண்டும் என்பதே நெடுங்காலம் பல நாடுகளில் நடைமுறை. ஜெர்மனியில் 2005 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த குடியேற்றச் சட்டம்தான் பட்டம் பெற்றவர் ஓராண்டு தங்கி வேலை தேடலாம் என்று கதவைத் திறந்தது. 2012 இல் அது 18 மாதமானது. மக்கள்தொகை மூப்படைகிறது, பொறியாளர்கள் போதவில்லை என்ற கவலை அதன் பின்னால் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2016 இல் கொண்டுவந்த நெறிமுறை, உறுப்பு நாடுகள் பட்டதாரிகளுக்குக் குறைந்தது 9 மாதமாவது வேலை தேட அனுமதி தர வேண்டும் என்றது. டென்மார்க்கும் அயர்லாந்தும் அதில் சேரவில்லை. ஆனால் அயர்லாந்து தனக்கென்று ஒரு திட்டம் வைத்து, முதுநிலைப் பட்டதாரிகளுக்கு 2 ஆண்டு வரை தருகிறது. நெதர்லாந்து ஓராண்டு தருகிறது. பட்டம் பெற்று மூன்று ஆண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் அதற்கு விண்ணப்பிக்கலாம் என்பது அதிலுள்ள வசதி.

பிரிட்டனின் கதை இந்த ஏற்பாட்டின் இயல்பைத் தெளிவாகக் காட்டும். 2008 இல் அங்கே படிப்புக்குப் பிந்தைய பணி விசா இருந்தது. குடியேற்றத்தைக் குறைக்கிறோம் என்று தெரசா மே உள்துறை அமைச்சராக இருந்தபோது 2012 ஏப்ரலில் அதை மூடினார்கள். 2010–11 இல் சுமார் 39 ஆயிரமாக இருந்த இந்திய மாணவர் எண்ணிக்கை 2016–17 இல் 17 ஆயிரத்துக்கும் கீழே போனது. கட்டணம் கட்டும் மாணவர் குறைந்தால் பல்கலைக்கழகங்களின் வரவு செலவு ஆட்டம் காணும் என்பது புரிந்தது. 2021 ஜூலை 1 அன்று 'கிராஜுவேட் ரூட்' என்ற பெயரில் அதே கதவு மறுபடி திறந்தது. இப்போது அதையும் சுருக்குகிறார்கள். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் இளநிலை, முதுநிலைப் பட்டதாரிகளுக்கு 2 ஆண்டுக்குப் பதில் 18 மாதம்தான். முனைவர் பட்டம் பெற்றவருக்கு மட்டும் 3 ஆண்டு நீடிக்கிறது.

ஆஸ்திரேலியா 2023 இல் ஆள் பற்றாக்குறையுள்ள துறைகளின் பட்டதாரிகளுக்குக் கூடுதலாக 2 ஆண்டு கொடுத்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, பெரும்பாலான விண்ணப்பதாரர்களின் வயது வரம்பை 50 இலிருந்து 35 ஆக இறக்கியது. இந்தியாவுடனான வர்த்தக ஒப்பந்தத்தால் நம்மவருக்கு முதுநிலைக்கு 3 ஆண்டு என்ற சலுகை தப்பியது. கனடா 2024 நவம்பர் 1 முதல் மொழித் தேர்வைக் கட்டாயமாக்கியது. கல்லூரி டிப்ளமோ படிப்புகளுக்கோ, நாட்டுக்குத் தேவையான துறை என்று அரசு பட்டியலிட்டதில் இருந்தால்தான் பணி அனுமதி என்றது. அந்தத் தேதிக்குப் பின் விசாவுக்கு விண்ணப்பித்தவர்களுக்கு, அதற்கு முன் ஏஜென்ட் சொன்ன கணக்கு செல்லாமல் போயிற்று.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். இந்த மாதங்கள் மாணவரின் உரிமையாக எழுதப்பட்டவை அல்ல. ஆள் தேவைப்படும்போது நீள்கின்றன, தேர்தல் நெருங்கும்போது சுருங்குகின்றன. இன்று சேரும் மாணவர் படிப்பை முடிப்பது இரண்டு ஆண்டு கழித்து. அன்று எந்த விதி இருக்குமோ அதுதான் அவருக்கு.

அமெரிக்காவின் இரண்டாவது கடிகாரம்

அமெரிக்காவில் படித்த துறையிலேயே 12 மாதம் வேலை செய்யும் அனுமதி உண்டு. ஓ.பி.டி. என்று மாணவர்கள் சொல்வது அதைத்தான். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் படித்தவர்களுக்கு 2008 இல் கூடுதலாக 17 மாதம் தந்தார்கள், 2016 இல் அது 24 மாதமானது. ஆக மொத்தம் 3 ஆண்டு. 2023–24 கல்வியாண்டில் அங்கிருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். அவர்களில் 97,556 பேர், அதாவது மூன்றில் ஒருவருக்குச் சற்றுக் குறைவாக, வகுப்பறையில் இல்லை. இந்த அனுமதியில்தான் இருந்தார்கள்.

மூன்று ஆண்டு என்பதை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர்களுக்குத் தெரியாத உள்கணக்கு ஒன்று இருக்கிறது. முதல் 12 மாதத்தில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. நீட்டிப்பையும் சேர்த்தால் 150 நாள். விசாவின் பெயர் என்னவாக இருந்தாலும், உண்மையில் வேலை தேட அமெரிக்கா தரும் காலம் 90 நாள்தான்.

அதன் பிறகு ஹெச்-1பி என்ற வேலை விசாவுக்கான குலுக்கல். ஆண்டுக்கு 65 ஆயிரம் இடம், அமெரிக்காவில் முதுநிலை முடித்தவர்களுக்குத் தனியாக 20 ஆயிரம். 2025 செப்டம்பரில் புதிய ஹெச்-1பி மனுக்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தார்கள். அடுத்த மாதம் வந்த விளக்கத்தில், அமெரிக்காவுக்குள் மாணவர் நிலையில் இருந்தபடியே விசா மாற்றிக்கொள்பவர்களுக்கு அது பொருந்தாது என்றார்கள். அங்கேயே இருப்பவரைவிட, ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பப் போக நினைப்பவர்தான் இந்த விதியில் அகப்படுகிறார். வேலை தேடும் காலத்தில் அண்ணன் கல்யாணத்துக்கு வரலாமா என்று பிள்ளைகள் தயங்குவதற்கு இப்படியும் காரணங்கள் உண்டு.

ஜெர்மனி: கிட்டத்தில் பார்த்தால்

நடுத்தர வருமானக் குடும்பங்கள் ஜெர்மனியைப் பார்ப்பதற்குக் காரணம், அங்கே பெரும்பாலான மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் இல்லை. பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலம் மட்டும் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 இலிருந்து கட்டணம் விதிக்கிறது. 2023–24 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மனியில் 49 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் படித்தார்கள். வெளிநாட்டு மாணவர்களில் அதிகம் பேர் அவர்கள்தாம்.

கட்டணம் இல்லை என்றாலும் செலவு உண்டு. விசாவுக்கு முன்பே ஓராண்டுச் செலவுக்கென 11,904 யூரோவை முடக்கப்பட்ட கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். மாதம் 992 யூரோ மட்டும்தான் எடுக்க முடியும். நம் பணத்தில் அது 12 லட்சத்துக்கும் கொஞ்சம் மேல். அதற்கும் முன்னால் நம் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏ.பி.எஸ். சான்று, 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்குக் கட்டாயம்.

பட்டம் முடிந்ததும் கிடைக்கும் 18 மாத அனுமதியில் எந்த வேலையும் செய்யலாம், மணிநேரக் கட்டுப்பாடு இல்லை. மாணவராக இருக்கும்போது ஆண்டுக்கு 140 முழு நாள் என்ற வரம்பு இருந்தது, அது போய்விடும். ஆனால் மாணவர்களுக்கான சலுகை விலை மருத்துவக் காப்பீடும் போய்விடும். மாதம் 200 யூரோவுக்கு மேல் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். பருவக் கட்டணத்தோடு வந்த ரயில், பேருந்துப் பயணச்சீட்டு நின்றுவிடும். மாணவர் விடுதி அறையையும் காலி செய்ய வேண்டியிருக்கும். சம்பளம் தொடங்கும் முன்பே செலவு ஏறிவிடுகிறது.

வேலை கிடைத்துவிட்டால் பாதை நல்ல பாதைதான். புதுப் பட்டதாரிகளுக்கு 2026 இல் ஆண்டுச் சம்பளம் 45,934 யூரோ இருந்தால் புளூ கார்டு என்ற பணி அனுமதி பெறலாம். அதற்குக் கீழே இருந்தாலும் படித்த தகுதி தேவைப்படும் வேலையாக இருந்தால் வேறு அனுமதி உண்டு. ஜெர்மனியிலேயே பட்டம் வாங்கியவர் அப்படி 2 ஆண்டு வேலை செய்து, ஓய்வூதியத்துக்குப் பணம் கட்டி, நடுத்தர அளவு ஜெர்மன் மொழியும் தெரிந்திருந்தால் நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அமெரிக்காவில் கிரீன் கார்டு வரிசையில் பல ஆண்டுகள் நிற்கும் இந்தியரோடு ஒப்பிட்டால் இது பெரிய வித்தியாசம்.

வங்கியின் கடிகாரம்

செஞ்சி வட்டத்தில் மூன்று ஏக்கரும் ஒரு மாடி வீடும் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மகன் இயந்திரவியல் பொறியாளர். ஜெர்மனியில் இரண்டு ஆண்டு முதுநிலைப் படிப்பு. கடன் 20 லட்சம்.

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 7.5 லட்சம் வரை அடமானம் இல்லாமல் கொடுக்கலாம். அதற்கு மேல் சொத்து வேண்டும். நிலம்தான் இருக்கிறதே என்று அப்பா பட்டாவை எடுத்துக்கொண்டு போவார். விவசாய நிலத்தை வங்கிகள் பெரும்பாலும் இதற்கு ஏற்பதில்லை. கடன் திரும்ப வராவிட்டால் நீதிமன்றம் போகாமல் சொத்தைக் கைப்பற்ற வங்கிக்கு அதிகாரம் தரும் 2002 ஆம் ஆண்டுச் சட்டம், விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. விவசாயியைக் காப்பாற்ற எழுதிய விலக்கு, அவர் மகனின் படிப்புக் கடனில் அவருக்கு எதிராக நிற்கிறது. ஆகவே வீடு அடமானமாகும். வீட்டுக்கு முறையான பத்திரமோ கட்டட அனுமதியோ இல்லையென்றால் தனியார் நிதி நிறுவனம், கூடுதல் வட்டி. அதுவும் போதாத இடத்தை நகை நிரப்பும்.

திருப்பிக் கட்டுவது படிப்புக் காலம் போக ஓராண்டு கழித்துத் தொடங்கும். வட்டி 10 சதவீதம் என்று வைத்தால், பணம் தவணை தவணையாக எடுத்திருந்தாலும் அந்த மூன்று ஆண்டில் சேரும் வட்டி 5 லட்சத்தை ஒட்டி வரும். அசலும் வட்டியும் சேர்ந்த 25 லட்சத்துக்கு 10 ஆண்டுத் தவணை என்றால் மாதம் சுமார் 33 ஆயிரம் ரூபாய்.

இப்போது இரண்டு கடிகாரங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஜெர்மனி 18 மாதம் தருகிறது. வங்கி 12 மாதம்தான் தருகிறது. பதின்மூன்றாவது மாதம் தவணை விழும். விசாவில் இன்னும் ஆறு மாதம் மிச்சம் இருக்கலாம், அதை முழுதாகப் பயன்படுத்தப் பையனிடம் பணம் இருக்காது.

இந்த நிலையில்தான் கிடங்கு வேலையும் உணவு டெலிவரியும் வருகின்றன. சட்டப்படி தவறில்லை, காசும் வரும். இரவு ஷிஃப்டில் பெட்டி அடுக்கிவிட்டு வருபவன், பகலில் எட்டு விண்ணப்பம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஜெர்மன் மொழியில் கடிதம் எழுதி, நேர்காணலுக்குத் தயாராக முடியாது. வீட்டிலிருந்து போன் வரும். "வேல இன்னும் ஒண்ணும் செட் ஆவலியாப்பா?" "ரெண்டு எடத்துல கூப்பிட்டிருக்காங்கப்பா, பார்க்கலாம்." கூப்பிட்டது ஒரு இடம்தான் என்பதை அவன் சொல்ல மாட்டான். இந்த மாதத் தவணைக்கு நெல் மூட்டைகளைப் போட்டாயிற்று என்பதை அப்பாவும் சொல்ல மாட்டார். கடனின் கடிகாரம் விசாவின் கடிகாரத்தைத் தின்றுகொண்டே போகிறது. 18 மாதம் என்று துண்டறிக்கையில் இருந்தது, நடைமுறையில் தேடலுக்கென்று ஒதுக்க முடிந்த ஆறேழு மாதமாகச் சுருங்கிவிடுகிறது.

பிரிட்டனிலும் இதே கணக்கு வேறு உருவில் நிற்கிறது. 2025 இல் கிராஜுவேட் விசாவுக்குக் கட்டணம் 880 பவுண்டு, மருத்துவக் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 1,035 பவுண்டு. இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து முன்பணமாக 3 லட்சம் ரூபாய்க்கு மேல். அதன் பிறகு திறன் பணியாளர் விசாவுக்கு மாற, 2025 ஜூலை முதல் பொதுச் சம்பள வரம்பு 41,700 பவுண்டு. புதிதாக வேலைக்கு வருபவருக்கு 33,400. ஓராண்டு முதுநிலையில் அதற்குரிய வேலையைப் பிடிக்க, கப்பலேறிய முதல் மாதத்திலேயே தேடலைத் தொடங்கியிருக்க வேண்டும்.

வேலை யாருக்குக் கிடைக்கிறது

அனுமதியின் நீளத்தைவிட மூன்று விஷயங்கள் முடிவை அதிகம் தீர்மானிக்கின்றன.

முதலாவது மொழி. ஆங்கிலத்திலேயே முதுநிலை முடித்துவிடலாம் என்பதுதான் ஜெர்மனியின் கவர்ச்சி, அதுதான் பொறியும்கூட. பெர்லினில் மென்பொருள் வேலைக்கு ஆங்கிலம் போதலாம். இயந்திரவியல், சிவில், மருத்துவமனை வேலைகளுக்கும், சிறு நகரங்களில் இருக்கும் நடுத்தரத் தொழிற்சாலைகளுக்கும் அது போதாது. தளத்தில் நிற்கும் தொழிலாளியோடு பேசத் தெரியாத பொறியாளரை அவர்கள் எடுக்க மாட்டார்கள். சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள மாக்ஸ் முல்லர் பவனில் கற்பிக்கும் ஜெர்மனை, விமானம் ஏறும் முன்பே ஓரளவு முடித்துவிட்டுப் போகிறவருக்கும், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று போகிறவருக்கும் இரண்டு ஆண்டு கழித்துத் தெரியும் வித்தியாசம் பெரிது.

இரண்டாவது, படிக்கும்போதே செய்யும் வேலை. பருவம் நடக்கும்போது வாரம் 20 மணி நேரம் வரை படிப்பு தொடர்பான நிறுவனத்தில் மாணவப் பணியாளராக இருப்பதும், முதுநிலை ஆய்வேட்டை ஒரு கம்பெனியில் போய்ச் செய்வதும் ஜெர்மனியில் வழக்கம். நிரந்தர வேலை பலருக்கு அந்த வழியாகத்தான் வருகிறது. அறை வாடகைக்காக உணவகத்தில் பாத்திரம் கழுவியே இரண்டு ஆண்டையும் ஓட்டிய மாணவருக்குப் பட்டம் இருக்கும், அறிமுகம் இருக்காது. அனுமதி தொடங்கும் நாளில் இருவரும் ஒரே கோட்டில் நிற்பதாகச் சட்டம் நினைக்கிறது.

மூன்றாவது, துறையும் நேரமும். ஜெர்மன் கார் தொழில் ஆள் குறைக்கும் ஆண்டில் வாகனப் பொறியியல் முடிப்பவர் என்ன செய்தாலும் சிரமம்தான். இது மாணவர் கையில் இல்லை. கையில் இல்லாத இந்த ஒன்றுக்காகத்தான் மற்ற இரண்டையும் விடக் கூடாது.

பக்கத்தில் இருக்கும் பிரான்ஸ்

செஞ்சிக்கும் பிரான்சுக்கும் பழைய சங்காத்தம் உண்டு. 1750 இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி செஞ்சிக் கோட்டையைப் பிடித்தான், 1761 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. இன்று பேருந்தில் போய்விடும் தூரத்தில் புதுச்சேரி. அங்கே பிரெஞ்சுத் துணைத் தூதரகமும், பிரெஞ்சு கற்பிக்கும் அலியான்ஸ் பிரான்செஸும். 2018 இல் கையெழுத்தாகி 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த இந்திய–பிரெஞ்சு ஒப்பந்தப்படி, அங்கே முதுநிலை முடித்த இந்தியர் ஓராண்டும், அதைப் புதுப்பித்து இன்னோராண்டும் தங்கி வேலை தேடலாம். மற்ற பல நாட்டவருக்கு ஓராண்டுதான். அரசுப் பல்கலைக்கழகக் கட்டணமும் பிரிட்டனைவிட மிகக் குறைவு. மொழி கற்க இவ்வளவு பக்கத்தில் வாய்ப்பிருந்தும், இந்த வட்டாரத்தில் ஆலோசகர்கள் இதை அதிகம் சொல்வதில்லை. ஆள் சேர்ப்புக்குக் கமிஷன் தரும் பழக்கம் எந்த நாட்டுக் கல்லூரிகளில் அதிகமோ, அந்த நாட்டைப் பற்றித்தான் அவர்கள் அதிகம் பேசுவார்கள்.

இன்னொரு குழப்பமும் இங்கே பரவுகிறது. ஜெர்மனி 2024 ஜூன் 1 முதல் 'வாய்ப்பு அட்டை' ஒன்றைத் தருகிறது. படிப்பு, அனுபவம், மொழி, வயது என்று மதிப்பெண் போட்டு, 6 புள்ளி பெற்றால் ஓராண்டு அங்கே போய் வேலை தேடலாம். அங்கே படித்தவருக்கான 18 மாதமும் இதுவும் வேறு வேறு. இதில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம், மாதம் 1,091 யூரோ வீதம் பணமும் காட்ட வேண்டும். இதை 'வேலை விசா' என்று சொல்லிப் பணம் வாங்குபவர்கள் உண்டு. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர்கள் 1983 ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்ய வேண்டும். படிப்புக்கு அனுப்பும் ஆலோசகருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஒரே கடையில் இரண்டு வியாபாரமும் நடக்கும்போது, எந்த வாக்குறுதிக்கு யார் பொறுப்பு என்பது குடும்பத்துக்குத் தெரிவதில்லை.

அரசும் திரும்பி வருதலும்

தமிழ்நாட்டில் வெளிநாடுவாழ் தமிழர் நலனைக் கவனிக்கும் அமைச்சராக 2021 மே முதல் 2024 செப்டம்பர் வரை இருந்தவர் செஞ்சி தொகுதியின் கே.எஸ்.மஸ்தான். அயலகத் தமிழர் நல வாரியம் இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்கான அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் ஆண்டுக்கு 36 லட்சம் வரை தருகிறது. சொத்தே இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு உண்மையான கதவு இது. ஆனால் உதவித்தொகைகளின் கவனம் படிப்புக் காலத்தின் மேல்தான். பட்டம் வாங்கிய மறுநாளிலிருந்து முதல் சம்பளம் வரையுள்ள காலத்தில் அவர் மாணவரும் அல்ல, தொழிலாளியும் அல்ல. அந்த இடைக்காலத்தில் தவணையை ஓராண்டுக்குப் பதில் ஈராண்டு தள்ளிவைக்க மாநில அரசு வங்கிகளிடம் பேசினாலே பல குடும்பங்களின் கழுத்துக் கயிறு தளரும். அதற்கு அரசு சொந்தப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

குடும்பங்கள் மாற்றிக்கொள்ள வேண்டியதும் ஒன்று உண்டு. வேலை கிடைக்காமல் திரும்பி வருவதைத் தோல்வி என்று ஊர் பார்ப்பதால், விசா முடியும் கடைசி நாள் வரை பிள்ளைகள் கிடங்கிலேயே கிடக்கிறார்கள். ஓரகடத்தில் டைம்லர் லாரி ஆலையும், சென்னையை அடுத்து பி.எம்.டபிள்யூ. ஆலையும் செஞ்சியிலிருந்து சில மணி நேரப் பயணம்தான். ஜெர்மன் பட்டமும் மொழியும் கையில் இருக்கும்போதே, பட்டத்தின் சூடு ஆறுமுன் இங்கும் விண்ணப்பித்தால் அதற்கு மதிப்பு உண்டு. இரண்டு ஆண்டு பெட்டி அடுக்கிவிட்டு வந்தால் அந்த மதிப்பு குறைந்துவிடும். ஆகவே பன்னிரண்டாம் மாதத்தில் ஒரு முடிவெடுக்கும் நாளை வீட்டிலேயே முன்கூட்டிப் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

ஆலோசகரிடம் போகும் பெற்றோர் "எத்தனை மாசம் இருக்கலாம்?" என்று கேட்பதை நிறுத்திவிட்டு, வேறு நாலு கேள்வியோடு போகலாம். அந்தத் துறையில் ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு வேலை இருக்கிறதா? படிக்கும்போதே நிறுவனத்தில் பணிபுரிய அந்தக் கல்லூரி வழி செய்கிறதா? முதல் தவணை எந்த மாதம் விழும்? அதுவரை வேலை கிடைக்காவிட்டால் ஆறு மாதச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும்? நாலாவது கேள்விக்குப் பதில் இல்லாத குடும்பம், அந்த ஆறு மாதப் பணத்தையும் கடன் தொகையோடு சேர்த்துத் திட்டமிட வேண்டும். அல்லது மலிவான நாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால், இங்கே இரண்டு ஆண்டு வேலை பார்த்துச் சேர்த்துக்கொண்டு போக வேண்டும். இரண்டு ஆண்டு தாமதமாகப் போவதால் எந்தக் கதவும் மூடிவிடாது. கையில் பணமில்லாமல் போனால், திறந்திருக்கும் கதவையும் பயன்படுத்த முடியாது.